ஊர் சுற்ற ஓர் ஊர் போதும்

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டே முக்கால். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் வாசலில் ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நிற்கிறது. சென்னையிலிருந்து வந்த குடும்பம். மூன்று நாளில் மதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், தென்காசி, குற்றாலம், திருச்செந்தூர் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். இறங்கி நான்கு எட்டு வைப்பதற்குள் பூக்கடை அம்மா சொல்லிவிடுகிறார், "நடை சாத்தப் போறாங்க, ஓடுங்க". குழந்தைகள் ஓடுகிறார்கள். பாட்டியால் ஓட முடியவில்லை. சாயங்காலம் நான்கு மணி வரை காத்திருக்கலாமா என்று ஒரு பேச்சு வருகிறது. டிரைவர் மணியைப் பார்க்கிறார். சங்கரன்கோவில் இருக்கிறது, தென்காசியில் ரூம் போட்டாயிற்று. ஆளுக்கு அரைக்கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வேன் கிளம்பிவிடுகிறது. பாட்டி கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டதோடு சரி.

அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் முதலில் ஆசைப்பட்டவர் அந்தப் பாட்டிதான்!

இது ஏதோ ஒரு குடும்பத்தின் கதை இல்லை. விடுமுறை நாட்களில் அந்த வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் இப்படிப் பல வேன்களைப் பார்க்கலாம். தவறு டிரைவருடையதும் இல்லை, நடை சாத்துகிறவருடையதும் இல்லை. தினம் ஒரு ஊரில் தங்கவேண்டும் என்று போட்ட திட்டத்திலேயே தவறு இருக்கிறது. ஒரே ஊரில் நாலைந்து நாள் ரூம் எடுத்துத் தங்கி, காலையில் கிளம்பி சாயங்காலம் திரும்பி வருகிற மாதிரி சுற்றினால் இந்தப் பக்கத்தை இன்னும் நன்றாகப் பார்க்கலாம், செலவும் குறையும். அப்படியானால் எந்த ஊரில் தங்குவது? ராஜபாளையமா, ஸ்ரீவில்லிபுத்தூரா? இதுதான் கேள்வி.

ரூம் மாற்றுவதில் போகும் நேரம்

தினம் ஒரு லாட்ஜ் என்பது கேட்கப் பரபரப்பாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். காலையில் எழுந்து பெட்டி கட்ட ஒரு மணி நேரம். யாருடைய சார்ஜர் எங்கே, பாட்டியின் மாத்திரை டப்பா எங்கே, பையனின் ஈர டவலை எதில் வைப்பது என்று அரை மணி. கணக்கு முடித்து வண்டியில் மூட்டைகளை ஏற்ற அரை மணி. அடுத்த ஊரில் லாட்ஜ் தேடி, ஆதார் அட்டை காட்டி, ரூம் பார்த்து, "வேற ரூம் இருக்கா?" என்று கேட்டு மாற்றிக்கொள்ள இன்னொரு மணி. ஆக ஒரு தடவை ஊர் மாறினால் மூன்று மணி நேரம் போயே போச்சு. ஐந்து நாளில் மூன்று தடவை மாறினால் ஒன்பது மணி நேரம். அதாவது பகல் வெளிச்சமுள்ள முக்கால் நாள்! அந்த முக்கால் நாளில் ஒரு மலையடிவாரம் போய் வந்திருக்கலாம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்கள் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குச் சாத்தி நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். ஊர் மாறுகிறவர்கள் காலையில் ரூமைக் காலி செய்துவிட்டுக் கிளம்பி, அடுத்த ஊர் கோயிலுக்குச் சரியாக நடை சாத்துகிற நேரத்துக்கு வந்து சேர்வார்கள். ஒரே ஊரில் தங்கியிருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மதிய வெயிலில் அறைக்கு வந்து படுத்து எழுந்து, ஐந்து மணிக்கு நிதானமாகப் போகலாம்.

வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது வசதி மட்டும் இல்லை, அவசியம். ஒரே கட்டில், ஒரே பாத்ரூம், படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரிகிற இடம். முதல் நாள் சாப்பிட்ட மெஸ்ஸில் மூன்றாம் நாள் போய் உட்கார்ந்தால், "பாப்பாவுக்குக் காரம் இல்லாம ரசம் எடுத்து வச்சிருக்கேன்" என்று அவர்களே சொல்வார்கள். ஒருநாள் களைப்பாக இருந்தால் பாட்டி அறையிலேயே இருந்துகொள்ளலாம், மற்றவர்கள் போய் வரலாம். தினம் ஊர் மாறுகிற திட்டத்தில் பாட்டிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. முடிகிறதோ இல்லையோ, வேனில் ஏறியே ஆகவேண்டும்.

ஜெர்மனிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

எந்த ஊரில் தங்குவது என்ற குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. ஜெர்மனியில் ரைன், மோசல் என்ற இரண்டு ஆறுகளின் பள்ளத்தாக்குகள் உலகப் புகழ் பெற்றவை. இரு பக்கமும் மலைச்சரிவு, திராட்சைத் தோட்டம், உச்சியில் பழைய கோட்டைகள். ரைன் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை யுனெஸ்கோ 2002-ல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அங்கே போகிற பயணிகளுக்கும் இதே கேள்விதான். அழகான சின்ன ஊரில் தங்குவதா, ரயில் வசதியுள்ள பெரிய ஊரில் தங்குவதா?

மோசல் கரையில் பைல்ஷ்டைன் என்று ஒரு குட்டி ஊர் இருக்கிறது. படம் எடுத்து மாளாது, ஆனால் ரயில் கிடையாது. கோப்லென்ஸ் பெரிய ஊர். ரைனும் மோசலும் கூடுகிற இடம். நாலா பக்கமும் ரயில் போகிறது. ஆனால் மற்றவற்றோடு ஒப்பிட்டால் சாதாரண நகரம் மாதிரிதான் தோன்றும். பலர் நடுவாக கோகெம் என்ற ஊரைப் பிடிக்கிறார்கள். ஊரும் அழகு, மேலே கோட்டை, கீழே ரயில் நிலையம். அங்கே தங்கிக்கொண்டு தினம் ஒரு பக்கம் போய் வருகிறார்கள்.

அதே ஜெர்மனியில் கருங்காடு என்ற மலைப்பகுதியில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களில் தங்குகிற பயணிக்கு ஒரு விருந்தினர் அட்டை தருகிறார்கள். அதைக் காட்டினால் அந்த வட்டாரத்துப் பஸ்ஸிலும் ரயிலிலும் டிக்கெட் வேண்டாம். 'ஓரிடத்தில் தங்கு, தினம் சுற்று' என்பதை அந்த ஊர்களே சொல்லிக்கொடுக்கின்றன.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தங்கும் ஊர் என்பது ஆக அழகான ஊராக இருக்க வேண்டியதில்லை, ஆகப் பெரிய ஊராகவும் இருக்க வேண்டியதில்லை. காலையில் கிளம்ப வழி இருக்கவேண்டும், இரவு திரும்ப வழி இருக்கவேண்டும், திரும்பி வந்த பிறகு அந்த ஊரிலேயே செய்வதற்கு ஏதாவது இருக்கவேண்டும். இந்த மூன்றையும் வைத்து நம் இரண்டு ஊர்களையும் எடை போடலாம்.

மலை, ஓடை, கண்மாய்

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எழுப்பினாற்போல நிற்கிறது. அந்தச் சுவரிலிருந்து பல ஓடைகளும் சிற்றாறுகளும் கிழக்கே இறங்குகின்றன. ஒவ்வொன்றும் இறங்குகிற இடத்தில் ஒரு பள்ளத்தாக்கு, ஒரு அணை அல்லது அருவி, ஒரு கோயில். வத்திராயிருப்பு பக்கம் பிளவக்கல் அணைகளும் சதுரகிரியும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் அருவி. சேத்தூர், தேவதானம் பக்கம் சாஸ்தா கோயில். இறங்கிய தண்ணீர் கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு, கடைசியில் அர்ஜுனா நதியாகவும் வைப்பாறாகவும் சேர்ந்து, சாத்தூர் அருகே இருக்கன்குடியில் கூடி, மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது.

ரைன், மோசல் மாதிரி வருடம் முழுக்க ஓடுகிற நதிகள் இல்லை இவை. மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். ஆனால் ஒரு விஷயத்தில் ஒற்றுமை இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்குகளில் பெரும்பாலானவற்றின் வாசலை ஒட்டி ஒரே சாலை போகிறது. திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை. ரயில் பாதையும் அப்படித்தான். விருதுநகரில் பிரிந்து திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று போகிறது. இந்தப் பாதையின் நடுவில் எங்கே தங்கினாலும் வடக்கேயும் போகலாம், தெற்கேயும் போகலாம். அந்த நடு இடத்தில்தான், சுமார் 11 கிலோமீட்டர் இடைவெளியில், நம் இரண்டு ஊர்களும் இருக்கின்றன.

ராஜபாளையத்தின் கட்சி

ராஜபாளையத்துக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது பெரிய ஊர். 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை சுமார் 1,30,000. ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75,000. மில்லும் பஞ்சு வியாபாரமும் உள்ள ஊர் என்பதால் வெளியூர்க்காரர்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். லாட்ஜ்கள் அதிகம், சாப்பாட்டுக் கடைகள் அதிகம். ரயில் நிலையமும் ஊரோடு ஒட்டியே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலடி ஊருக்குச் சற்று வெளியே, இறங்கினால் ஆட்டோ பிடிக்கவேண்டும்.

தெற்கே போகிறவர்களுக்கு ராஜபாளையம்தான் பக்கம். சங்கரன்கோவில் சுமார் 30 கிலோமீட்டர். அய்யனார் அருவி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

ஊருக்கென்று பெருமைகளும் உண்டு. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ராஜபாளையம் நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகளில் ஓடுவது சேலை இல்லை, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. சஞ்சீவி மலை ஊரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மாம்பழக் காலத்தில் போனால் இன்னும் விசேஷம்.

இவ்வளவு இருந்தும், முதல்முறையாகக் குடும்பத்தோடு வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்குவதே நல்லது. பால்கோவா ஆசையில் சொல்வதில்லை. காரணம் இருக்கிறது.

எந்த ஊருக்கு எந்த நேரம் அழகு?

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நல்ல நேரம் உண்டு. அய்யனார் அருவிக்குப் பகல்தான் நேரம். செண்பகத்தோப்புக்கும் பகல்தான். அணைக்கும் அப்படியே. காட்டுப் பகுதிகளில் பொழுது சாய்வதற்குள் வனத்துறை வெளியே அனுப்பிவிடும். சிவகாசி, விருதுநகர் கடைவீதிகள் பகலில்தான் இயங்கும். பகலில் நன்றாக இருக்கிற இடத்துக்குப் பகலில் போய்த் திரும்பினால் போதும். அங்கே ராத்திரி தங்கி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆண்டாள் கோயிலுக்கு நல்ல நேரம் விடியற்காலையும் இரவும். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர் அது. வடபத்ரசாயி கோயில், ஆண்டாள் சந்நிதி, நடுவில் ஆண்டாள் கிடைத்ததாகச் சொல்லப்படும் நந்தவனம் என்று மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. சுமார் 192 அடி உயரம், 11 நிலை கொண்ட ராஜகோபுரத்தைத்தான் தமிழக அரசின் சின்னத்தில் போட்டிருக்கிறார்கள் என்று ஊரே பெருமையாகச் சொல்லும். அந்தக் கோபுரத்தை நண்பகல் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பது ஒன்று. விடியலில், மேற்கே மலை தெளிவாகத் தெரிகிற வேளையில், மாட வீதியில் கோலம் போடுகிற வீடுகளைக் கடந்து நடந்து போய்ப் பார்ப்பது வேறொன்று. மார்கழியில் திருப்பாவை கேட்கிற நேரமும், ஆண்டாளின் எண்ணெய்க் காப்பு உற்சவமும், தினமும் இலைகளால் புதிதாகச் செய்து ஆண்டாள் கையில் வைக்கிற கிளியும், வேனில் பன்னிரண்டே முக்காலுக்கு வந்து இறங்குகிறவர்களுக்குக் கிடைக்காது. அந்த ஊரில் தூங்கி எழுந்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

ஆகவே சூத்திரம் எளிது. விடியலிலும் இரவிலும் நன்றாக இருக்கிற ஊரில் தங்குங்கள். பகலில் நன்றாக இருக்கிற ஊர்களுக்குப் போய் வாருங்கள். இதைப் பிடித்துக்கொண்டால் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் எங்கே தங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

"சரி, ராஜபாளையத்தில் தங்கி விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் ஆகாதா? பதினொரு கிலோமீட்டர்தானே?" என்று கேட்கலாம். கார் வைத்திருக்கிற இளைஞர்களுக்கு ஆகும். நாலரை மணிக்குப் பாட்டியை எழுப்பி, குளிக்க வைத்து, வண்டியில் ஏற்றி வருவது எத்தனை நாள் நடக்கும்? ஒருநாள் நடக்கும். கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் தங்கியிருந்தால் தினமும் நடக்கும். களைப்பாக இருந்தால் போகாமலும் இருக்கலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்த 'நாளைக்கு' என்ற சொல்தான் ஒரே ஊரில் தங்குவதன் லாபமே. ராஜபாளையத்திலிருந்து கிடைக்கும் வசதிகள் எதையும் இதனால் இழக்கப்போவதும் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ் ஓயாமல் ஓடுகிறது.

ஐந்து நாளில் என்னென்ன பார்க்கலாம்?

முதல் நாள் தூரம் போகவேண்டாம். காலையில் செண்பகத்தோப்பு, மேற்கே எட்டு கிலோமீட்டர் சுமார். சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக ஆனது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். அணில் என்றால் வீட்டுக் கூரையில் ஓடுகிற அணில் இல்லை, பூனை அளவுக்கு இருக்கும். அதிகாலையில் போய், சத்தம் போடாமல் அண்ணாந்து பார்த்தால் பார்க்கும் வாய்ப்பு அதிகம். காட்டழகர் கோயிலும் இந்தப் பக்கத்துக் காட்டுக்குள்தான். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போகவேண்டும். சாயங்காலம் ஆண்டாள் கோயில். இருட்டிய பிறகு மாட வீதியில் கால்போன போக்கில் ஒரு நடை.

இரண்டாம் நாள் வடக்கே. கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு, பிளவக்கல் பக்கம். வயலும் தென்னந்தோப்பும் மலையும் சேர்ந்து வருகிற பாதை. சதுரகிரி ஏறுகிறவர்களுக்கு அதற்கென்று ஒரு முழு நாள் தனியாக வேண்டும். தாணிப்பாறையில் ஏற ஆரம்பித்தால் சில மணி நேரம் ஏற்றம்தான். வனத்துறை அனுமதிக்கிற நாளும் நேரமும் பார்த்துத்தான் போகமுடியும். 2015 மே மாதம் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்த மலை அது. வானம் கறுத்திருந்தால் அன்றைக்குப் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஒரே ஊரில் ஐந்து நாள் தங்கியிருப்பவர்தான் அப்படித் தள்ளிப்போட முடியும். நாளை ரூம் வேறு ஊரில் இருக்கிறது என்றால் மழையிலும் ஏறத்தான் மனசு சொல்லும். திட்டம் இறுக்கமாக இருந்தால் ஆபத்தும் கூடவே வரும்.

மூன்றாம் நாள் கிழக்கே, ரயிலில். பிள்ளைகளுக்கு ரயில் என்றாலே கொண்டாட்டம். சிவகாசி சுமார் 20 கிலோமீட்டர். தீப்பெட்டித் தொழில் கற்க 1922-ல் கல்கத்தா போன அய்ய நாடாரும் சண்முக நாடாரும் திரும்பி வந்து தொடங்கியதுதான் இன்றைய சிவகாசி. பட்டாசு ஆலைக்குள் வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது, போகவும் விடமாட்டார்கள். காலண்டர், நோட்டுப் புத்தகம், அச்சுக்கூடங்களின் ஊராக அதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே திருத்தங்கலில் குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள். இன்னும் கொஞ்சம் தள்ளி விருதுநகரில் காமராஜர் வாழ்ந்த வீடு. ஒரு முதலமைச்சர் வீடு இவ்வளவு சின்னதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும், அதற்காகத்தானே கூட்டிப் போவது. திரும்பும்போது விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா.

நான்காம் நாள் தெற்கே. இதற்கு நம் முன்னோர்களே ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம் என்று இந்த வட்டாரத்துக்கென்றே பஞ்சபூதத் தலங்கள் ஐந்து உண்டு. சிவராத்திரி அன்று ஐந்தையும் ஒரே நாளில் தரிசிக்கிற வழக்கம் இருக்கிறது. (தென்மலை என்றதும் கேரளத்துத் தென்மலைக்கு வண்டியை விட்டுவிடாதீர்கள், இது சிவகிரி பக்கம்.) கோயிலைவிடச் சிற்பத்தில் ஆர்வம் உள்ளவர்கள் சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலை போகலாம். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் செய்த வெட்டுவான் கோயில், முடிக்கப்படாமலே நிற்கிறது. பக்கத்திலேயே பாறை முழுக்கச் சமணச் சிற்பங்கள்.

ஐந்தாம் நாள் ராஜபாளையம். காலையில் அய்யனார் அருவி, மதியம் ஊருக்குள் சாப்பாடு, சாயங்காலம் கடைவீதி. தண்ணீர் இருக்கிறதா என்று முந்தின நாளே டீக்கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாலு நாள் அங்கேயே டீ குடித்தவருக்கு உண்மையான பதில் கிடைக்கும்!

இதெல்லாம் பஸ்ஸிலும் ரயிலிலும் பெரும்பாலும் முடிகிற காரியம். காட்டு ஓரங்களுக்கும் ஐந்து தலங்களைச் சுற்றவும் மட்டும் ஆட்டோவோ காரோ பேசிக்கொள்ளலாம். தமிழக அரசு 2021-ல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைக் கொண்டு வந்தது. அந்த டிக்கெட்டைக் கொடுக்கும்போது கண்டக்டர் சொந்த ஊர் எது என்று கேட்பதில்லை. ஜெர்மனியின் விருந்தினர் அட்டைக்கு நம் ஊரில் பாதி ஏற்பாடு தயாராக இருக்கிறது என்றே சொல்லலாம்.

விதிவிலக்குகள்

ஒரே ஊர் என்பதை வேத வாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிற இடத்தை இந்தத் திட்டத்தில் சேர்த்தால் கெட்டது. குற்றாலம் அப்படிப்பட்ட இடம். தென்மேற்குப் பருவக்காற்றில், ஜூனிலிருந்து ஆகஸ்ட், செப்டம்பர் வரை அங்கே சீசன். அந்தக் கூட்டத்தில் காலையில் போய்க் குளித்துவிட்டுச் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்புவது உடம்பைக் கெடுக்கிற வேலை. குற்றாலம்தான் முக்கியம் என்றால் தென்காசியில் தங்குங்கள். இந்தப் பக்கத்தை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்களுக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான். மலைக்குக் கிழக்கே இருப்பதால் தென்மேற்கு மழை குறைவு. கண்மாய் நிறைந்து, வயல் பச்சையாக, மலை கழுவி விட்டதுபோல் இருக்கிற மார்கழி, தை மாதங்கள் வருவதற்கு நல்ல காலம். கோடையில் வந்துவிட்டு ஆறு எங்கே என்று கேட்டால் ஆறு என்ன செய்யும்?

ஆடிப்பூரத் தேரோட்ட நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போது ராஜபாளையம்தான் கைகொடுக்கும். பெரிய ஊர் பக்கத்தில் இருப்பதன் அருமை அன்றைக்குத் தெரியும்.

ஊருக்கு என்ன லாபம்?

2025 ஜூனில் கூமாப்பட்டிக்கு நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வத்திராயிருப்பு பக்கத்து ஊர். யாரோ ஆசையாக எடுத்துப் போட்ட ரீல்ஸ் ஊரெல்லாம் பரவி, தீவு என்று நினைத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்து பார்த்தால் அணைப்பகுதிக்குள் விடவில்லை. ஏமாந்தவர்கள் ஊரைத் திட்டினார்கள். கூமாப்பட்டி என்ன செய்யும் பாவம்? அது வயலும் தோப்பும் மலையும் உள்ள நல்ல ஊர். ஐந்து நாள் இங்கே தங்கியிருப்பவர் ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போய், வரப்பில் உட்கார்ந்து மலையைப் பார்த்துவிட்டு வந்தால் சந்தோஷமாகத் திரும்புவார். பல நூறு கிலோமீட்டர் அதற்கென்றே ஓடி வந்தவருக்குத்தான் ஏமாற்றம்.

ஓடி வந்து ஓடிப் போகிறவர்களால் ஊருக்கும் பெரிய பயன் இல்லை. வேன் நிற்கிற ஒரு மணி நேரத்தில் விற்பது பால்கோவா ஒன்றுதான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவுக்கு அது நல்லதுதான். ஆனால் மெஸ் நடத்துகிறவர், ஆட்டோக்காரர், பூக்கட்டுகிற அம்மா, லாட்ஜில் வேலை செய்கிற பையன், காட்டுக்குள் வழி காட்டுகிற மலையடிவாரத்துக்காரர் இவர்களுக்கெல்லாம் வருமானம் வருவது ராத்திரி தங்குகிறவரால்தான். காட்டுக்கும் அதுவே நல்லது. ஒரே ஞாயிற்றுக்கிழமை நூறு வண்டி வந்து பிளாஸ்டிக்கைக் கொட்டிவிட்டுப் போவதற்குப் பதில், வாரம் முழுக்கப் பத்துப் பத்துப் பேராக வந்து போனால் அணிலுக்கும் நிம்மதி.

அடுத்த விடுமுறைக்குப் பட்டியல் போடும்போது ஊர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, ராத்திரிகளை ஒரே ஊரில் வையுங்கள். இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் அது ஸ்ரீவில்லிபுத்தூராக இருக்கட்டும். முதல் நாள் மதியம் நடை சாத்தியிருந்தாலும் பரவாயில்லை. பாட்டி சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு, ஐந்து மணிக்கு மெதுவாக நடந்து போய் ஆண்டாளைப் பார்த்துவிட்டு வருவார். மறுநாள் விடியற்காலையில் இன்னொரு தடவையும் போவார்.